கணக்கில் வராத கைகள்

 

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் குழந்தைகளுக்கும் பைத்துல் மாலிலிருந்து உதவித்தொகை வழங்கப்பட்டது. ஆயினும் தாய்ப்பால் மறந்த குழந்தைக்கே அது உரியது என்பது விதியாக இருந்தது. ஓரிரவு, மதீனாவில் வந்து தங்கியிருந்த வணிகக் கூட்டத்தாருக்குக் காவலாகக் கலீஃபா அவர்களே சென்றிருந்தார்கள். அங்கே ஒரு குழந்தை விடாது அழுதுகொண்டிருந்தது. காரணம் கேட்டார்கள். உதவித்தொகை விரைவில் கிடைக்க வேண்டுமென்று குழந்தைக்குப் பாலை முன்கூட்டியே மறக்கடித்துக்கொண்டிருப்பதாக அதன் தாய் சொன்னார். தம்மிடம் கேட்பவர் கலீஃபா என்பது அவருக்குத் தெரியாது. அதன்பின் விதி மாறியது. பிறந்தது முதலே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டென்று அறிவிக்கப்பட்டது.

உமர் (ரலி) அவர்களின் இரக்கத்திற்குச் சான்றாக இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆட்சிமுறை பற்றிய பாடம் ஒன்றும் இதில் அடங்கியிருக்கிறது. நல்லெண்ணத்தோடு வகுக்கப்பட்ட ஒரு திட்டம் குடும்பத்துக்குள் என்ன விளைவை உண்டாக்கியது என்பது, நேரில் விசாரித்த பிறகே தெரிய வந்தது. கேட்க ஒருவர் சென்றார். கேட்கப்பட்டவரும் உள்ளதை உள்ளபடி சொன்னார். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் விதி மாறியிருக்காது.

இன்றைய அரசுகள் இவ்விசாரணையை ஆய்வு என்றும், கணக்கெடுப்பு என்றும் அழைக்கின்றன. தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டு மாநிலத் திட்டக்குழு நிறுவப்பட்டது. அதே ஆண்டில் பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷையா, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பிற்படுத்தப்பட்டோர் நிலையை அறிய 1969இல் சட்டநாதன் ஆணையமும், 1982இல் அம்பாசங்கர் ஆணையமும் அமைக்கப்பட்டன. அம்பாசங்கர் ஆணையத்திற்காக மாநிலம் முழுவதும் வீடு வீடாக விவரம் திரட்டப்பட்டது.

இவை நமக்குத் தொடர்பில்லாத அலுவலகச் செய்திகள் என்று எண்ணிவிட வேண்டாம். நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையைப் பெற்றே, 2007ஆம் ஆண்டு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. இன்று கல்லூரியில் இடம்பெறும் நம் பிள்ளைகள் பலரின் வெற்றிக்குப் பின்னால் அந்த ஆணையங்களின் உழைப்பும் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2021இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டுக்குள் வன்னியர் சமுதாயத்திற்கு 10.5 விழுக்காடு தனியே வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டே செல்லாதெனத் தீர்ப்பளித்தது. 2022 மார்ச் 31 அன்று உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. போதிய புதிய விவரங்கள் இல்லாமல், 1980களில் திரட்டிய பழைய கணக்கைச் சார்ந்து நின்றது அச்சட்டத்தின் குறைகளுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது. எந்தச் சமுதாயமாயினும் அதன் கோரிக்கைக்குக் காலத்திற்கேற்ற கணக்கே துணை நிற்கும் என்பதை நாமும் கருத்தில் கொள்ள வேண்டும்.

கணக்கு இருந்தால் மட்டும் போதுமா? மாநில அளவிலான சராசரி சில வேளைகளில் உண்மையைத் திரையிட்டு மறைத்துவிடும். 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழக மக்களில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 73 விழுக்காடு; முஸ்லிம்களிடையே அது ஏறத்தாழ 83 விழுக்காடு. இதைப் படிப்பவர், நமக்குக் குறையேதுமில்லை என்றே முடிவு கட்டுவார். ஆனால் தமிழக முஸ்லிம்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் நகரவாசிகள். சென்னையும் வாணியம்பாடியும் சேர்ந்து உயர்த்திக் காட்டும் சராசரிக்குள், வானம் பார்த்த பூமியில் வாழும் சிற்றூர்க் குடும்பங்களின் நிலை தெரிவதில்லை.

திருச்சி மாவட்டத்தின் தென்மேற்கே உள்ள மருங்காபுரி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். மாவட்டம் என்றதும் காவிரியும் வயலும் நினைவுக்கு வரும். ஆனால் பழைய ஜமீன் பகுதியாகிய மருங்காபுரி, மழையை நம்பிய மேட்டு நிலம். துவரங்குறிச்சியிலும் புத்தாநத்தத்திலும் நம் சமுதாய மக்கள் கணிசமாக வாழ்கிறார்கள். புத்தாநத்தம் ஆயத்த ஆடைத் தயாரிப்புக்குப் பெயர் பெற்ற ஊர். இத்தகைய ஊர்களில் வெட்டிய துணியை வீட்டுக்கு வாங்கி வந்து, அடுப்படி வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையே தைத்துக் கொடுத்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பெண்கள் பலர்.

அந்தச் சகோதரியின் வீட்டு வாசலில் கணக்கெடுக்க ஒருவர் வந்து நிற்பதாகக் கொள்வோம். “அம்மா என்ன வேலை செய்கிறார்கள்?” என்ற கேள்விக்கு வீட்டு ஆண்மகன், “வீட்டில் சும்மாதான் இருக்கிறார்கள்” என்று விடை சொல்லிவிடுகிறார். ஒரு சொல்லில் அவருடைய நாள் முழுவதும் அழிந்துபோகிறது! “வீட்டில் தைக்கிறேன்” என்று அவரே சொன்னாலும் போதாது. தேசிய மாதிரி ஆய்வுகளின் வகைப்பாட்டில், வீட்டுத் தேவைக்காகத் தைப்பவருக்கென்று ஒரு தனிக் குறியீடு உண்டு. அக்குறியீட்டில் சேர்க்கப்பட்டவர் தொழிலாளியாக எண்ணப்படுவதில்லை. “கூலிக்குத் தைக்கிறேன்” என்று சொன்னால்தான் அவர் உழைப்பாளியாகப் பதிவாவார்.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கிறீர்களா? நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு 2006இல் அளித்த அறிக்கையில், வேலை செய்யும் முஸ்லிம் பெண்களில் 70 விழுக்காட்டினர் வீட்டிலிருந்தே தொழில் செய்கின்றனர் என்று கூறப்பட்டுள்ளது. வீட்டுக்குள் நடக்கும் உழைப்பு பதிவாகாவிட்டால், மற்றவர்களைவிட நாமே அதிகம் இழக்கிறோம் என்பது இதன் பொருள். ஓர் ஊரில் எத்தனை பெண்கள் தைக்கிறார்கள் என்பது தெரியாத அரசு, அங்கே பயிற்சி நிலையத்தையோ கடனுதவியையோ எந்த அடிப்படையில் ஒதுக்கும்? தையல் தொழிலாளர்களுக்கென்று தமிழகத்தில் தனி நலவாரியம் இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகளின் கல்வி உதவி, மகப்பேறு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் முதலியவை உண்டு. தம்மைத் தொழிலாளி என்று கருதாத பெண் அந்த வாரியத்தின் வாசலை எப்படி மிதிப்பார்?

கணக்கெடுப்பாளரைக் கண்டால் நம்மவர் சிலர் அஞ்சுகின்றனர். 2020இன் தொடக்கத்தில் மக்கள்தொகைப் பதிவேடு பற்றி எழுந்த கலக்கம் இன்னும் மனத்தை விட்டு நீங்கவில்லை. வந்தவரின் அடையாள அட்டையைக் கேளுங்கள். எந்தக் கணக்கெடுப்பு, யாருக்காக என்று கேளுங்கள். அது நம் உரிமை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிநபர் அளிக்கும் விவரம் மற்றவர் பார்வைக்குத் தரப்படாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் காப்பளிக்கிறது. கேட்டுத் தெளிந்த பின் உண்மையை முழுமையாகச் சொல்லுங்கள். சாட்சியத்தை மறைப்பது உள்ளத்தின் பாவம் என அல்-பகரா அத்தியாயம் எச்சரிப்பதை அறிந்த சமுதாயம் நாம். கணக்கெடுப்பதும் நமக்குப் புதிதன்று. இஸ்லாத்தை ஏற்றோரின் பெயர்களை எழுதித் தருமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததையும், 1500 பேர் எழுதப்பட்டதையும் ஹுதைஃபா (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றிருக்கிறது.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு, சாதி விவரமும் சேர்த்து நடத்தப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2025 ஜூன் 16 அன்று அறிவிக்கப்பட்டது. இத்தகைய தருணங்களில் ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். சந்தாக் குறிப்பேடு ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறது. அதனுடன் இன்னுமொரு குறிப்பேடு தொடங்குங்கள். கூலிக்குத் தைக்கும் பெண்கள் எத்தனை பேர்? பத்தாம் வகுப்போடு நின்ற பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? வறுமையாலா, பள்ளியின் தொலைவாலா, பேருந்து இல்லாமையாலா? விவரம் கேட்கப் படித்த இளம் பெண்களையே அனுப்புங்கள். தாய்மார்கள் மனம் திறந்து பேசுவார்கள். திரண்ட கணக்கை ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். அக்கம்பக்கத்து மாற்றுமதச் சகோதரிகளின் கணக்கையும் சேர்த்தே எழுதுங்கள். பேருந்து வந்தால் எல்லாப் பிள்ளைகளும்தானே ஏறுவார்கள்!

சகோதரிகளே! அடுத்த முறை வாசலில் கேள்வி எழும்போது, விடையைப் பிறரிடம் விட்டுவிடாதீர்கள். “நான் கூலிக்குத் தைக்கிறேன், நாளுக்கு இத்தனை மணி நேரம் உழைக்கிறேன்” என்று நீங்களே சொல்லுங்கள். சகோதரர்களே! அவர்கள் சொல்லும்போது குறுக்கிடாதீர்கள்.

எந்த உழைப்பாளியின் உழைப்பையும் வீணாக்காத வல்ல இறைவன், நம் கைகளின் உழைப்பை உலகமும் அறியச் செய்வானாக! ஆமீன்.