சுவருக்கும் ஒரு ஃபால்ஸ்!

புதுப் புடவை வாங்கியதும் முதல் காரியமாக ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கிறோம். தரையில் உரசிக் கரை நைந்துவிடக் கூடாதே என்ற கவலை நமக்கு. வீட்டுச் சுவருக்கும் அதே கவலை உண்டு. அதை மட்டும் வெள்ளையடிக்கிற நாள் வரையில் மறந்துவிடுகிறோம்!

தரையும் சுவரும் சேருகிற இடத்தில் நாலு அங்குல உயரத்துக்கு ஒரு பட்டை ஓடுகிறதே, அதைத்தான் சொல்கிறேன். கொத்தனார்கள் அதை 'ஸ்கர்ட்டிங்' என்பார்கள். குளிர் தேசங்களில் அது பெரும்பாலும் மரப்பலகை. அங்கே தரையும் மரந்தான். ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். அதற்காகச் சுவரோரம் விடுகிற இடைவெளியைப் பலகை மறைக்கிறது. நம் ஊர்த் தரையோ சிமெண்டும் கல்லும். நமக்குப் பட்டை வேண்டியிருப்பது மறைப்பதற்கு அல்ல, தடுப்பதற்கு. தினசரி துடைக்கிற தண்ணீரும், துடைப்பத்தின் இடியும் சுவர்ப் பூச்சின் மேல் படாமல் அது தாங்கிக்கொள்கிறது. பழைய சிவப்புச் சிமெண்டுத் தரைகளைப் பாருங்கள். தரைப் பூச்சே மடங்கிச் சுவரில் ஏறியிருக்கும்.

ஆனால் இந்தப் பட்டை அறைக்குள்ளிருந்து வரும் தண்ணீரைத்தான் தடுக்கும். மண்ணிலிருந்து ஏறுகிற ஓதத்தை அதனால் தடுக்க முடியாது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலச் செங்கல் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். ஈரம் காய்ந்த இடத்தில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும்.

நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையத்தில் எனக்கு வேண்டிய ஒரு குடும்பம் இருக்கிறது. காவிரியின் படுகை அணையிலிருந்து ராஜா வாய்க்கால் பிரிகிற ஊர் அது. வாழையும் வெற்றிலையும் கரும்புமாகப் பசுமை கொழிக்கும். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூடத்துச் சுவரின் அடியிலோ, முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. "வாய்க்கால் பக்கத்து வீடு, அப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் வாய்க்கால் மேல் பழி போட்டார்கள். பிளாஸ்டிக் பலகை வாங்கி ஒட்டிவிட்டால் ஒரே நாளில் பளபளவென்று ஆகிவிடும் என்று யாரோ யோசனை சொன்னார்கள்.

வீட்டுக்கார அம்மாள் வயதான கொத்தனாரைக் கூப்பிட்டு, "ஏனுங்க மேஸ்திரி, ஒட்டிப்போடலாமுங்களா?" என்று கேட்டாள்.

"புண்ணு மேல பட்டுத்துணி சுத்துனா ஆறிப்போயிருமுங்களா, அம்மிணி?" என்றார் அவர்.

சொல்லிவிட்டு வெளியே போனார். சுவரை ஒட்டிக் கனகாம்பரப் பாத்தி! வருஷா வருஷம் மண்ணும் எருவும் போட்டு, பாத்தி பேஸ்மட்டத்தை மூடி உள்தரைக்கு மேலேயே ஒரு சாண் உயர்ந்திருந்தது. காலையும் மாலையும் தண்ணீர் வேறு. குற்றவாளி வாய்க்கால் அல்ல, அம்மாள் ஆசையாய் வளர்த்த பூச்செடி!

பலகை ஒட்டியிருந்தால் ஈரம் வெளியேற வழியின்றிப் பலகைக்கும் மேலே ஏறியிருக்கும். அம்மாள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு செடிகளைப் பெயர்த்துத் தள்ளி நட்டாள். மண்ணை வெட்டி இறக்கி, வெளியே தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்தார்கள். உள்ளே கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கல்லை ஆறவிட்டார்கள். அது காய வாரக் கணக்கில் ஆகும், முகூர்த்தம் காத்திருக்குமா? சம்பந்தி வீட்டார் வந்தபோது சுவர் செங்கல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றது. அம்மாளுக்கு உயிரே இல்லை. சம்பந்தியம்மாள் அதை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்: "எங்கூட்டுலயும் இதே பாடுதானுங்க. உங்க மேஸ்திரியக் கொஞ்சம் அனுப்பி வெக்கிறீங்களா?"

நீங்கள் கவனிக்க வேண்டியவை இவை:

புதுப் பட்டை வைக்குமுன் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். பட்டை சுவரை விட்டு அதிகம் துருத்தினால் மேல் விளிம்பில் தூசி படியும். கூடியவரை சுவரோடு சமமாக வைக்கச் சொல்லுங்கள். சிமெண்டுப் பூச்சானால் ஏழு நாளாவது நனைக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்டால் உள்ளே பிடிப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். மொஸைக், பளிங்குப் பட்டைகளுக்கு ஆஸிட் ஆகவே ஆகாது. மண் கோடு ஒன்று பட்டையைத் தாண்டி மேலே ஏறினால் அது கரையான். துடைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். காற்றும் போகும், கண்ணும் போகும்.

சுவரின் சங்கடம் முதலில் தெரிவது குனிந்து தரை துடைக்கிறவளுக்குத்தான். அவள் சொல்லும்போதே வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொண்டால் கொத்தனார் கூலி பாதி மிச்சம்!