நான்கா, எட்டா, ஆறரையா?



உம்றாவுக்கான விமானச் சீட்டு வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் அதை வாங்கிப் பார்த்து, “உம்மா, நாலு மணித்தியாலத்தில் ஜித்தா!” என்பார்கள். உதாரணத்துக்கு, கட்டுநாயக்கவில் பிற்பகல் 2.00 மணிக்குப் புறப்பட்டு மாலை 6.00 மணிக்கு ஜித்தாவில் இறங்குவதாகச் சீட்டில் இருக்கிறது. திரும்பும் சீட்டிலோ இரவு 8.00 மணிக்குப் புறப்பட்டு அதிகாலை 4.00 மணிக்கு வந்து சேருவதாக இருக்கிறது. போவதற்கு நான்கு, வருவதற்கு எட்டா?

இரண்டுமே இல்லை. இரு ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 4,650 கிலோமீற்றர். நேரடி விமானம் போவதற்குச் சுமார் ஆறரை மணித்தியாலமும் வருவதற்குச் சுமார் ஐந்தரை மணித்தியாலமும் எடுக்கும். புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி எழுதப்படுகிறது. சவூதிக் கடிகாரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் ஓடுகிறது. (1996 இல் நம் நாட்டுக் கடிகாரத்தை முன்தள்ளினார்கள் அல்லவா, 2006 ஏப்ரலில்தான் அது பழைய இடத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் போய் வந்த பெரியவர்கள் “மூன்று மணி வித்தியாசம்” என்று சொன்னால் அவர்களோடு தர்க்கிக்க வேண்டாம்.)

இதில் கவனிக்க வேண்டியது இஹ்ராம். கிழக்கிலிருந்து வரும் விமானம் பெரும்பாலும் தாயிஃப் பக்கமுள்ள கர்னுல் மனாஸிலுக்கு நேராகக் கடக்கிறது. ஜித்தாவில் இறங்குவதற்குச் சுமார் அரை மணித்தியாலம் முன்பே அது நடந்துவிடும். மேற்சொன்ன பயணத்தில், கடிகாரத்தை மாற்றாதவர் கையில் அப்போது இரவு 8.00 மணி. ‘இறங்கிய பிறகு நிய்யத் வைக்கலாம்’ என்றிருப்பவர், பெரும்பாலான உலமாக்களின் கருத்துப்படி, மீக்காத்தைத் தாண்டியவராகிறார். திரும்பிப் போய் இஹ்ராம் அணியாவிட்டால் ‘தம்’ கொடுக்க வேண்டிவரும். பெண்களுக்கோ தனி உடையில்லை. வீட்டிலேயே குளித்துப் புறப்பட்டு, அறிவிப்புக் கேட்டதும் நிய்யத் வைத்தால் போதும். மாதவிடாயில் இருப்பவரும் அப்படியே நிய்யத் வைப்பார், தவாஃபை மட்டும் சுத்தமாகும்வரை பிற்படுத்துவார். உறங்கிப்போவோம் என்று பயந்தால் சற்று முந்தியே நிய்யத் வைக்கலாம்.

ரமழானில் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். விமானம் சூரியனைத் துரத்திக்கொண்டு மேற்கே போகிறது. கொழும்பில் மஃரிப் பாங்கு சொல்லும்போது உங்கள் யன்னலில் வெயில் அடிக்கும். கையிலுள்ள மணி 6.20 ஆகிவிட்டதென்று பேரீச்சம்பழத்தை வாயில் போட முடியாது. மார்ச் மாதமானால் ஜித்தாவில் சூரியன் மறைய நம் நேரப்படி இரவு 9.00 மணி தாண்டிவிடும். சுபஹிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 16 மணித்தியால நோன்பு. பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யும் சலுகை உண்டு. ஆனால் நம் ஷாஃபிஈ மத்ஹபில், சுபஹுக்கு முன்பே ஊரெல்லையைத் தாண்டியவருக்கே அன்றைய நோன்பில் அந்தச் சலுகை. பகல் இரண்டு மணி விமானத்தில் போகிறவர் நோயோ தாங்க முடியாத கஷ்டமோ வந்தாலொழிய நோன்பை முறிக்கக் கூடாது.

நீரிழிவுக்கு ஊசி போடும் உம்மாமாருக்கும் அன்றைய பகல் நீண்டதுதான். எந்த மணிக்கு எவ்வளவு மருந்து என்று வைத்தியரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மருந்தைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் எல்லாம் தலைகீழ். பகல் விமானமானால் பொழுது சுருங்கி, அஸரும் மஃரிபும் அடுத்தடுத்து வந்துவிடும். ளுஹரையும் அஸரையும் ஜித்தா விமான நிலையத்திலேயே ஜம்உ செய்து தொழுதுவிட்டு ஏறுங்கள்.