ஐ7 என்றால் பெரிதா?



சென்ற மாதம் பாடசாலை விட்டு வெளியே வரும்போது ஒரு தந்தை வாயிலில் எனக்காகக் காத்து நின்றார். முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைப்பவர். மகன் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறான். மனைவிக்குச் சீட்டு விழுந்த காசு, கணனி வாங்குவதற்கென்று சட்டைப் பையில் இருக்கிறது.

"மௌலவி, ஐ செவன் போட்ட கொம்பியூட்டர் ஒண்டு இருக்கு, பாவிச்சது. விலையும் குறைவு, பெரிய திரையும் தாராங்க. ஐ த்ரீ போட்ட புதுசு கொஞ்சம் கூட. ஏழு பெரிசுதானே, அதை எடுக்கவா?"

கடையில் எழுதிக் கொடுத்த துண்டை வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் ஐ7-3770. மற்றதில் ஐ3-12100.

இந்தக் கேள்வி உங்களில் பலருக்கும் வரும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் தரம் பிரிக்கும் பெயர்கள். தலைமுறை எது என்பதை அதற்குப் பின்னால் வரும் இலக்கம்தான் சொல்லும். 3770 என்பது மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது. 12100 என்பது பன்னிரண்டாம் தலைமுறை, 2022 ஜனவரியில் வந்தது. இடையில் பத்து வருடம்!

இரண்டிலும் நான்கு கோர்கள், எட்டு திரெட்கள்தான். கோர் என்பதைக் கல்யாண வீட்டுச் சமையற்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டியில் வெங்காயம் வதங்கும் வரை சும்மா நிற்காமல் அடுத்த சட்டியையும் கிளறிவிடுகிறார். அப்படி ஒருவர் இரண்டு வேலையைப் பார்ப்பதால்தான் நான்கு கோர், எட்டு திரெட்.

துண்டில் வேகத்தையும் எழுதியிருந்தார்கள். பழையதற்கு 3.4 கிகாஹேட்ஸ், புதியதற்கு 3.3. இதைப் பார்த்தும் அந்த மனிதர் பழையதே வேகம் என்று எண்ணிவிட்டார். அது அடிப்படை வேகம் மட்டுமே. வேலை கூடும்போது பழையது 3.9 வரையும் புதியது 4.3 வரையும் ஏறும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு துடிப்பிலும் புதிய கோர் செய்து முடிக்கும் வேலை மிக அதிகம். கேஷ் என்னும் உள் நினைவகமும் 8 மெகாபைட்டுக்குப் பதிலாக 12.

கேஷ் என்பது அடுப்பருகில் இருக்கும் உப்புச்சாடி. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் சந்திக் கடைக்கு ஓட வேண்டும். 1998 ஏப்ரலில் இன்டெல் நிறுவனம் மலிவு விலையில் முதல் செலரோனை வெளியிட்டபோது, இரண்டாம் நிலைக் கேஷை அடியோடு நீக்கிவிட்டது. 266 மெகாஹேட்ஸ் என்று பெட்டியில் இருந்தது. வேலையில் அந்த வேகம் தெரியவில்லை. குறைகூறல் தாங்காமல் அதே வருடம் ஆகஸ்டில் 128 கிலோபைட் கேஷுடன் 300ஏ என்பதைக் கொண்டு வந்தது. மலிவாக வந்தும் எல்லோரும் மெச்சிய பொருள் அது. ஆகவே மலிவு என்பதற்காகவே ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை. எதை வெட்டி மலிவாக்கினார்கள் என்று பார்க்க வேண்டும்.

பழைய ஐ7இல் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 11க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்று மைக்ரோசொஃப்ட் வைத்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டுப் பாவிப்பவருக்கு அது கவலையில்லை. கடிதம் அடிக்கவும் கணக்கு வைக்கவும் மட்டும் என்றால் அந்தப் பழையதே இன்னும் சில காலம் ஓடும், பொய் சொல்லக்கூடாது.

சரி, ஐ3-12100 குறையற்றதா? இல்லை. நான்கு கோர் என்பது பாடத்துக்கும், புரோகிராம் எழுதவும், இணைய வகுப்புக்கும் தாராளம். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுவதைத் தொழிலாகச் செய்பவருக்குப் போதாது. அவர் ஆறு கோர் உள்ள ஐ5-12400 எடுக்கட்டும், அல்லது ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி எடுக்கட்டும். பின்னையதும் ஆறு கோர்தான், உள்ளே இருக்கும் படப்பகுதியும் ஐ3இனதைவிடப் பலமானது. பாரமான விளையாட்டுகளை ஐ3 தனியாக இழுக்காது. (இதைச் சில பெற்றோர் நன்மைப் பக்கத்தில் எழுதுவார்கள்.)

மதர்போர்டு விடயத்தில் நன்மையும் தீமையும் கலந்திருக்கிறது. இதன் போர்டில், பயோஸைப் புதுப்பித்துக்கொண்டால், பதினான்காம் தலைமுறை வரை மாற்றிப் போடலாம். 2024இல் வந்த அடுத்த வரிசைக்கு சொக்கெட்டே வேறு. மலிவான எச்610 போர்டில் பெரும்பாலும் ராமுக்கு இரண்டு இடம்தான். 16 கிகாபைட் வாங்குவதானால் ஒன்றாக வாங்காமல் 8 வீதம் இரண்டாக வாங்குங்கள். இரண்டு வழியாகத் தரவு போவதால் படப்பகுதிக்கு மூச்சு வரும், அது அந்த ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது.

இவ்வளவும் சொல்லித் துண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், மறுபடி பார்த்தேன். 12100க்குப் பக்கத்தில் சிறிதாக ஓர் எஃப். நெஞ்சு திக்கென்றது. எஃப் என்றால் உள்ளே படப்பகுதி கிடையாது. வெளியான காலத்தில் சாதாரணமானது 122 டொலர், எஃப் 97 டொலர். வேறாகக் கிராஃபிக்ஸ் கார்ட் போடுபவருக்கு அது நல்ல இலாபம். இவருடைய துண்டிலோ கார்ட் எதுவும் இல்லை. வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டினால் விசிறி சுழலும், விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும்.

கடைக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை, விலையைக் குறைத்துக் காட்ட எழுதியிருக்கலாம். நானும் கூடவே போனேன். எஃப் இல்லாததற்கு மாற்றி, மூன்று வருட உத்தரவாதமும் விசிறியும் உள்ள பெட்டிப் பொருளாகக் கேட்டோம். விலை கொஞ்சம் ஏறியது. திரையைப் பாவித்ததாக எடுத்து அதைச் சரிக்கட்டினார் அந்தத் தந்தை. மறுநாள் மகன் வகுப்பில் வந்து, "படம் வந்திச்சி, மௌலவி" என்றான்.