தீயணைப்பு வண்டிக்கும் தாகம் எடுக்கும்



போன கோடையில் வேடசந்தூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டு வைக்கோல் படப்பில் தீப்பிடித்தது. குடமும் வாளியுமாகத் தெருவே ஓடியது. 101-க்குப் போன் போட்டோம், தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் பீய்ச்சியதும் ஹோஸ் தொய்ந்தது. "ஏங்க, பக்கத்துல தண்ணி எங்க பிடிக்கலாம்?" என்று கேட்டார் ஒரு வீரர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வழக்கமான வண்டியில் சுமார் 4,500 லிட்டர்தான் பிடிக்கும். படப்புக்கு அது எம்மாத்திரம்? மேலே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும். தோட்டத்துக் கிணற்றைத் தேடி, மோட்டார் ரூம் சாவியைத் தேடி, வண்டியை நிரப்பிக்கொண்டு வருவதற்குள் மாட்டுக்கொட்டகையும் போயிற்று. ஒரு பையன் கயிற்றை அறுத்துவிட்டதால் கன்றுக்குட்டி பிழைத்தது.

தீ என்றதும் 2024 டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல் திருச்சி சாலையில் ஓர் ஆஸ்பத்திரித் தீயில் ஆறு பேரை இழந்தது நமக்கெல்லாம் நினைவுக்கு வரும். படப்புத் தீ யார் நினைவில் நிற்கிறது?

மற்ற இடங்களில் எப்படிச் சமாளிக்கிறார்கள்? அமெரிக்காவில் பல ஊர்களில் தீயணைப்புக் குழுவை ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். பென்சில்வேனியாவில் வண்டி வாங்க அரசு 2 சதவிகித வட்டியில் கடன் தருகிறது. நம் நகைக்கடனை நினைத்தால் பெருமூச்சுதான்! இங்கே தீயணைப்பு அரசுத் துறையின் வேலை. அதை நவீனப்படுத்த மத்திய அரசு 2023-ல் 5,000 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தது. அது மாநிலங்களுக்கான பணம். அதற்கு நீங்களும் நானும் மனுப் போட முடியாது.

தண்ணீருக்குப் போடலாமே? 'நமக்கு நாமே' திட்டத்தில் செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு தரும். மந்தையில் ஒரு தொட்டியோ, மேல்நிலைத் தொட்டியில் வண்டி நிரப்ப ஒரு வால்வோ இதில் வருமா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுங்கள். மனுவில் வெறுமனே 'ஆவன செய்யவும்' என்று எழுதினால் ஃபைலோடு ஃபைலாகக் கிடக்கும். எத்தனை வீடு, எத்தனை படப்பு, தீயணைப்பு நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள். வால்வின் அளவை நிலைய அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அளவு மாறினால் ஹோஸ் மாட்டாது.

"குடிக்கவே தண்ணி ஒழுங்கா வரல, இதுல தீக்குத் தொட்டியா?" என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் எந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்கும், வண்டி எதுவரை போகும், சாவி யாரிடம் என்பதையாவது பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவையுங்கள். அதற்கு ஒரு டப்பா பெயின்ட் போதும்.

திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடத் தெரிந்த ஊர்களுக்கு இந்த மூன்றில் ஒரு பங்கு பெரிய காரியமா? சொந்தக்காரர் ஊரில் திருவிழா வரி நோட்டின் பின்பக்கத்திலேயே இதற்கான வசூலை ஆரம்பித்துவிட்டார்கள். முதல் வரியில் படப்பைப் பறிகொடுத்தவர் பெயர், எதிரே 500 ரூபாய்.

அன்புடன்,
ஆசிரியர்