கடை திறக்கும் முன்னே!

ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால், கடைக்காரருக்கு அன்றுதான் வியாபாரம்.

புதுச்சேரியைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மகாத்மா காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் களை கட்டும். நேரு வீதியில் கூட்டம் நெருக்கும். தீபாவளி, பொங்கல் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஊரார் பிள்ளைகளோடு கடைக்கு வருகிறார்கள். கடைக்காரர் அந்தப் பிள்ளைகளுக்குச் சட்டையும் செருப்பும் எடுத்துக் காட்டுகிறார். அவருடைய பிள்ளையோ வீட்டில் காத்திருக்கிறது. இரவு அவர் திரும்பும்போது அது தூங்கிவிடுகிறது.

"யாருக்காக இந்தப் பாடு? பிள்ளைகளுக்காகத்தானே!" என்பார்கள். உண்மைதான். ஆனால் பிள்ளைக்குக் கல்லாப்பெட்டி தெரியாது. அதற்கு அப்பா வேண்டும். அம்மா கடையைப் பார்த்தால் அம்மா வேண்டும்.

இதற்கு வழி உண்டு. அதுவும் பணச் செலவு இல்லாத வழி!

விடியற்காலை

மாலை கடைக்காரருக்குச் சொந்தம் அல்ல. விடியற்காலை அவருக்குச் சொந்தம்.

புதுவைக் கடற்கரைச் சாலை சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளம். மாலையில் அங்கே வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை ஏழரை மணி வரை அந்தத் தடை இருக்கிறது. ஆகவே காலையில் குழந்தை ஓடலாம்; பாட்டி மெல்ல நடக்கலாம். வண்டி வருமோ என்ற பயம் இல்லை. கண் எதிரே கடலில் சூரியன் எழும். வீட்டிலிருந்து பிளாஸ்கில் காப்பி கொண்டு போனால் அந்தச் செலவும் மிச்சம்.

காந்தி சிலையைச் சுற்றிச் செஞ்சியிலிருந்து வந்த கருங்கல் தூண்கள் நிற்கின்றன. எத்தனை தூண் என்று பிள்ளை எண்ணட்டும். பக்கத்தில் பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1836-ஆம் ஆண்டில் அதில் முதன்முதலாக விளக்கு ஏற்றினார்கள். "கப்பலுக்கு அது எப்படி வழி காட்டியது?" என்று பிள்ளை கேட்கும். பதில் சொல்ல அப்பா அருகில் இருக்க வேண்டாமா?

ஆயியின் கதை

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பாரதி பூங்கா. அதன் நடுவில் வெள்ளை மண்டபம். அதுதான் ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் அதுவே.

அரசர் கிருஷ்ணதேவராயர் ஒரு நாள் மாலை இந்தப் பக்கம் வந்தாராம். விளக்கொளியில் மின்னிய ஒரு வீட்டைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் கொண்டு, இடிக்கச் சொன்னாராம். ஆயியோ வீட்டைத் தானே இடித்து, அந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாளாம். பிற்காலத்தில், பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்டபோது, முத்திரைப்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். ஆயியின் நினைவாகவே மண்டபம் எழுந்தது என்கிறார்கள்.

இந்தக் கதையை மண்டபத்து நிழலில் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள். பிள்ளை மறக்காது.

ஒரு நாள் விடுமுறை

வாரத்தில் ஒரு நாள் கடைக்கு விடுமுறை விட்டால் இன்னும் நல்லது. கடையில் வேலை செய்பவருக்கும் பிள்ளைகள் உண்டு அல்லவா?

அன்று 1826-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் அமைத்த தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். 1908 முதல் 1918 வரை பாரதியார் புதுவையில் வாழ்ந்தார். அவர் குடியிருந்த வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். நோணாங்குப்பம் போய்ச் சுண்ணாம்பாற்றில் படகு ஏறலாம். படகுக்குக் கட்டணம் உண்டு.

ஓர் எச்சரிக்கை. புதுவைக் கடல் பார்க்க அழகு, இறங்கினால் ஆபத்து. பிள்ளையின் கையை விடாதீர்கள். தின்ற காகிதத்தைக் குப்பைத் தொட்டியில் போடப் பழக்குங்கள். கடைவாசலைத் தினமும் கூட்டுகிறவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

போன மணல் வந்தது

இந்தக் கடற்கரையில் ஒரு காலத்தில் நல்ல மணல் இருந்தது. 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலில் கல்தடுப்புகள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணல் அங்கேயே நின்றது. நகரத்தின் முன்னால் இருந்த மணலைக் கடல் அரித்துவிட்டது. கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். மணலில் வீடு கட்டி விளையாடாமலே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

பிறகு வல்லுநர்கள் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தார்கள். 2019-ஆம் ஆண்டுக்குள் அங்கே மணல் மறுபடி சேர்ந்தது.

போன மணலைத் திரும்பக் கொண்டுவர வழி இருந்தது. போன பிள்ளைப் பருவத்தைக் கொண்டுவர வழி இல்லை.

கடையை ஒன்பது மணிக்குத் திறந்தால் போதும். ஆறு மணிக்குப் பிள்ளையை எழுப்புங்கள்!