எல்லாமே காத்திருத்தலா?

கணினிப் பாடநூல் ஒன்றின் தமிழாக்கம், மொழிநடை பார்த்துத் தருமாறு அண்மையில் என்னிடம் வந்தது. இழைகளின் ஒத்திசைவு பற்றிய அதிகாரம். ஒரே பக்கத்தில் 'காத்திருத்தல்' 11 முறை. மூலத்தைப் பார்த்தால் அங்கே நான்கு வெவ்வேறு சொற்கள். கேட்டதற்கு, "தமிழில் அவ்வளவு நுட்பம் கிடையாதே ஐயா" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

குறை தமிழினுடையதன்று. பொருள் விளங்காமல் பெயர்த்ததே குறை.

பூட்டொன்று திறந்துவிட்டதா என்று ஓர் இழை இடைவிடாது சோதித்துச் சுழலலாம். செயலியின் நேரத்தை அது தின்றுகொண்டிருக்கும். (பூட்டு நொடியின் சிறு துளிக்குள் விடுபடுமெனில் அதுவே சிக்கனம் என்பது வேறு.) இன்னோர் இழை, 'விடுபட்டதும் எழுப்பு' என்று இயங்குதளத்திடம் சொல்லிவிட்டு அடங்கிவிடலாம். மூன்றாவது இழைக்குப் பூட்டுத் தடையே இல்லை. செயலியில் தன் முறை வரவில்லை, அவ்வளவே.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி என்பவர்கள் 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தை நினைக்கட்டும். முன்னுரிமை மிக்க பணி ஒன்று, வானிலைத் தரவு திரட்டும் தாழ்ந்த பணியின் கையிலிருந்த பூட்டுக்காக அடங்கிக் கிடந்தது. பூட்டை வைத்திருந்த பணியோ, இடைத்தர முன்னுரிமை கொண்ட பிற பணிகள் செயலியைப் பிடித்துக்கொண்டதால் முறை கிடைக்காமல் நின்றது. உரிய வேலை முடியவில்லை எனக் கண்ட கண்காணிப்பு அமைப்பு கணினியையே மறுதொடக்கம் செய்தது. இப்படிப் பன்முறை. பூட்டை வைத்திருப்பவருக்கு, அதற்காக அடங்கிக் கிடப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாக அளிக்கும் ஏற்பாட்டைப் பூமியிலிருந்தே இயக்கிவைத்த பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. நம் நூலில் இவ்வளவும் 'இரு பணிகளும் காத்திருந்தன' என்று முடிகிறது. இதைப் படிக்கும் மாணவன், எந்தப் பணிக்கு முன்னுரிமையை ஏற்ற வேண்டும் என்பதை எதைக்கொண்டு அறிவான்?

பிரிவில் ஆற்றியிருத்தலை முல்லைக்கும் ஆற்றாது இரங்குதலை நெய்தலுக்கும் உரியதாக்கிப் பிரித்தறிந்த மொழி இது. தொல்காப்பியருக்கு நிரல் தெரியும் என்று சொல்ல வரவில்லை. அந்த நோய் எனக்கில்லை. ஆனால் காத்திருத்தலில் வகை பார்ப்பது நமக்குப் புதிதன்று.

சொல் இல்லையெனில் ஆக்கிக்கொள்வதில் வெட்கமென்ன? 1960களில் செமஃபோரை வகுத்த டைக்ஸ்ட்ரா, அதன் இரு வினைகளுக்கும் தம் டச்சு மொழியிலிருந்தே 'பி', 'வி' என எழுத்திட்டார். 'பி' குறிக்கும் சொல்லாக அவர் தந்த 'புரோலாக்' டச்சு அகராதியில் இல்லாதது, அவரே புனைந்தது. அவ்வெழுத்துகளைத்தான் உலகெங்கும் பாடநூல்கள் இன்றும் வழங்குகின்றன.

சுழன்று காத்தல், அடங்கிக் காத்தல், முறைக்கு நிற்றல் என்று திருத்திப் படியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். செமஃபோரையும் மியூட்டெக்ஸையும் அப்படியே விட்டுவிட்டேன். நிரல் எழுதும் நண்பர்கள் இவற்றினும் நல்ல சொல் தந்தால் என் சொற்களை அடித்துவிடத் தடையில்லை.