பந்தல் இருக்கிறது, பாட்டி எங்கே?

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு முகூர்த்த நாளில் பஸ்ஸில் வந்து பாருங்கள். வழியெல்லாம் பிளெக்ஸ் பேனர். பட்டுப்புடவையும் கல்யாண நகையுமாக ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. மேலே தலைவர்கள் படம், பக்கத்தில் தாய்மாமன்கள் படம். 'மஞ்சள் நீராட்டு விழா, அனைவரும் வருக.' அவள் உடம்பில் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அவளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை!

இந்தச் சடங்கில் விடவேண்டியதைப் பிடித்துக்கொண்டோம், பிடித்துக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டோம். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

உடனே ஒரு பதில் வரும்: "முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை." சரி, ஒப்புக்கொள்கிறேன். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து அத்தையும் பாட்டியும் கூடவே உட்கார்ந்து பேசினார்களே, அது நல்ல விஷயம். ஆனால் அதற்கு மண்டபமும் மொய் நோட்டும் எதற்கு? "எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள்" என்று ஊருக்கு அறிவிக்கத்தான் அன்றைக்கு இந்த விழா. 2006-ம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைப்பது குற்றம். அப்புறம் 12 வயதில் யாருக்கு இந்த அறிவிப்பு?

அடுத்தது தீட்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை பக்கம் அணைக்காட்டில், வயதுக்கு வந்ததால் தனிக்குடிசையில் தங்கவைக்கப்பட்ட ஒரு சிறுமி, தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். புயல் வருகிறது என்று முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவளை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. இதற்கு எந்த விஞ்ஞான விளக்கம் சொல்வீர்கள்?

"அப்படியானால் சடங்கையே ஒழித்துவிடலாம்" என்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அமெரிக்கப் பழங்குடிகளான நவாஹோ மக்களிடம் 'கினால்டா' என்று ஒரு பூப்புச் சடங்கு இருக்கிறது. நான்கு நாள் நடக்கும். அந்தப் பெண் கிழக்கு நோக்கி ஓடவேண்டும். மூத்த பெண் ஒருத்தி அவள் உடம்பை நீவிவிடுவாள். சோளம் அரைத்து, மண்ணில் குழி வெட்டிப் பெரிய அப்பம் சுட்டு அவள் எல்லோருக்கும் கொடுப்பாள். அங்கே பெண்ணை ஓடச் சொல்கிறார்கள். நாம் மூலையில் உட்காரச் சொல்கிறோம். 'குத்தவச்சிட்டா' என்று நம் தெற்குச் சீமையில் அதற்கே பெயர்!

அவ்வளவு தூரம் போவானேன்? 'இதயக்கனி' படம் எடுத்த பிச்சாவரத்துக்குப் போயிருப்பீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் இன்னும் நிற்கிற காடு அது. அங்கே கிள்ளை பக்கம் வாழும் இருளர்கள், பெண்களும்கூட, தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். இருளர்களின் சாமி கன்னியம்மன். மாசிப் பௌர்ணமிக்கு வடமாவட்டங்களிலிருந்து மாமல்லபுரம் கடற்கரையில் வந்து கூடுவார்கள். கோபுரம் கிடையாது, கடல் மணலில்தான் பூஜை. பெரியவர்களை வைத்துக்கொண்டு அங்கேயே கல்யாணம் பேசி முடிப்பார்கள். அவர்களிடம் எல்லாம் சரி என்று சொல்லவில்லை. சின்ன வயதுக் கல்யாணம் அங்கேயும் பிரச்சினைதான். ஆனால் நம் ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் ஏழு கல் நட்டுக் கன்னிமார் என்று கும்பிடுகிறோமே, யார் அவர்கள்? புருஷன் துணையில்லாத ஏழு பெண்கள்! கன்னிப்பெண்ணையே சாமியாக்கிய மண்ணில், வயதுக்கு வந்த பெண் எப்படித் தீட்டானாள்?

நாப்கின் கொடுக்க அரசு இருக்கிறது. 2011-ல் அறிவித்த 'புதுயுகம்' திட்டம் அதைச் செய்தது. பயத்தைப் போக்க ஆள் வேண்டாமா? பள்ளியில் அந்தப் பாடம் வந்தால் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வீட்டில் "ஸ்கூலில் சொல்லுவாங்க" என்கிறார்கள். நடுவில் நிற்கிற பெண் தோழியிடம் அரைகுறையாகக் கேட்டுக்கொள்கிறாள்.

ஆகவே அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு தங்கை பெரியவளானால், பேனர் அடிக்கிற காசில் நாலு நல்ல புத்தகம் வாங்குங்கள். களி கிண்டுங்கள், தாராளமாகச் சாப்பிடட்டும். அவளைத் தனியே படுக்கவைக்காதீர்கள். பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் முதல்முறை எப்படிப் பயந்தார் என்று பேரப்பெண்ணுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அப்பாவும் அண்ணனும் எழுந்து போகாமல் அங்கேயே இருந்து கேட்கட்டும்.